அவள் பெயரில் இருந்த புடவைகள்

"மெதுவா ஓடுது" என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பெங்களூரில் பதினைந்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கம்பெனிகளின் கணினி அமைப்புகள் எங்கே திணறுகின்றன, ஏன் திணறுகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து மெதுவாக இருக்கிறது என்று கேட்டால் "எப்பவுமே மேடம்" என்பார்கள். எந்தப் பக்கம் என்றால் "எல்லாமே மேடம்". இவர்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று நேராகக் கணினியிடமே போய்விடுவேன். மனிதர்கள் பேச்சை நம்பாதே, கணக்கிட்ட நேரத்தை நம்பு என்று எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தத் திமிருக்குக் கிடைத்த அடியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம், வரமகாலட்சுமி பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆபீசிலிருந்து எனக்கு ஒரு முகவரியை அனுப்பினார்கள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பட்டுப் புடவைக் கம்பெனியின் படப் பிரிவு. பார்த்ததும் கையிலிருந்த தோசை கையிலேயே நின்றது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். "உங்களுக்குப் பழகின இடமாச்சே, அதனாலதான் உங்கள அனுப்புறோம்" என்றார் எங்கள் மேலாளர். பழகின இடம்தான். அதனால்தான் போகப் பிடிக்கவில்லை.

அந்தக் கம்பெனியின் கணினிப் பிரிவில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு தோழி இருந்தாள். அப்படி ஒருத்தி எனக்கு அதற்கு முன்னாலும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேச்சு நின்றதற்குக் காரணம் நான்.

அங்கே ஒவ்வொரு புடவையையும் கடைக்கு அனுப்புவதற்கு முன் படம் பிடிப்பார்கள். உடல், பார்டர், முந்தானை, ஜரிகை என்று தனித்தனியாக எடுப்பார்கள். சிலவற்றுக்கு வீடியோவும் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேரும். ஊர் ஊராக இருக்கிற கடைகள், இணையதளம் நடத்துபவர்கள், விளம்பரம் செய்பவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் படம் எடுத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட் என்று அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆபீசில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், லைப்ரரி என்பார்கள். புடவைக்கு ஒரு ரெக்கார்டு. அதில் படங்களோடு நிறம், நெசவு, எந்த சீசன், யார் எழுதியது என்பதெல்லாம் இருக்கும். அதை எழுதுகிறவள் என் தோழி.

அத்திபெலேயிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். தலைமை அலுவலகம் கொடுத்திருந்த நிறப் பட்டியலில் பிரவுன் என்றால் நம்பர் போட்ட ஐந்தாறு பிரவுன்கள்தான். அவளுக்கு அது போதாது. குறிப்பு என்ற கட்டத்தில் தன் பெயர்களைத் தமிழில் எழுதிவிடுவாள். ஆறின டீ. பழைய செங்கல். வெந்த பீட்ரூட். துவைச்ச நீலம். இதெல்லாம் ஒரு நிறமாடி என்று நான் சிரித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"கடையில வந்து நிக்கிற பொம்பளைகிட்ட பிரவுன் நம்பர் நாலுன்னு சொன்னா என்னாடி புரியும்? ஆறின டீன்னு சொல்லிப் பாரு, எத்தனை புடவைக்கு நடுவுல இருந்தாலும் கைய நீட்டிக் காட்டுவா."

அவள் சொன்னதுதான் நடந்தது. கடைப் பெண்கள் அந்தப் பெயர்களைப் போட்டுத்தான் லைப்ரரியில் தேடினார்கள்.

மதியம் அவள் டப்பாவை நான் திறப்பேன், என் டப்பாவை அவள் திறப்பாள். யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. என் சமையல் வாயில் வைக்க முடியாத நாட்களில் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது "நாளைக்கு எனக்கு லீவுடி" என்பாள். சாயங்காலம் இறங்கி, துணிக்கடைகளையும் கறிக்கடைகளையும் தாண்டி, யார் காலை யார் மிதிக்கிறார்கள் என்று தெரியாத கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். ஈஜிபுரா போகும் என் பஸ் வந்தால் நான் ஏற மாட்டேன், அவள் பஸ் வரட்டும் என்று நிற்பேன். அவள் பஸ் வந்தால் அவள் ஏற மாட்டாள். இப்படியே ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டில் கேட்டால் டிராஃபிக் என்று சொல்வோம். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்த லைப்ரரியைப் புதிதாகத் தொடங்கிய நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. படப் பிரிவு மேனேஜர் நல்ல நேரம் பார்த்து, கணினிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கீபோர்டின் மேலேயே வைக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். முதல் ரெக்கார்டை யார் எழுதுவது என்று கேள்வி வந்தது. அவளுக்குக் கைராசி உண்டு என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு இருந்ததால் அவளையே உட்கார வைத்தார்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். அவள் எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினாள். அந்த வாரமே அந்த ரகம் எல்லாக் கடைகளிலும் தீர்ந்துபோனது.

மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார். புதுப் புடவை வந்தால் வெற்று ரெக்கார்டு திறக்கக் கூடாது. அவள் எழுதிய அந்த முதல் ரெக்கார்டைக் காப்பி எடுத்து, படத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதைப் போல எல்லாப் புடவையும் அவள் கை பட்ட மஞ்சள் புடவையிலிருந்துதான் தொடங்கும். நான் கேலி செய்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் அவளுக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடிய லைப்ரரி திடீரென்று ஒரு சீசனில் காலை நேரத்தில் திணறத் தொடங்கியது. படம் திறக்காது, திறந்தால் பாதியில் நிற்கும். காரணம் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அவள் ஏற்றும் படங்கள் ரொம்பப் பெரியவை என்பது எனக்கு முன்பே தெரியும். ஜரிகையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாமா என்று சொல்லி, கேமராவிலிருந்து வந்ததை அப்படியே ஏற்றுவாள். சின்னதாக்கு என்று நான் பலமுறை சொல்லியும் கேட்டதில்லை. எனக்குக் காரணம் தேட வேண்டியே இருக்கவில்லை, முன்பே கையில் வைத்திருந்தேன். கிராஃப் போட்டு, அட்டவணை போட்டு, அழகாக ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அந்தப் படிவத்தில் "பொறுப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. அவள் பெயரை அடித்தேன்.

நம் ஆளுதானே, சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம்புங்கள், அவ்வளவுதான் நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூட்டம் போட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். ஒரு ஆளின் அலட்சியத்தால் இத்தனை கடைகள் நின்றன என்று சொன்னார். என் ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அவள் கையிலும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மதியம் என் டப்பாவை நானே திறந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வேலைக்கு வந்தாள். வந்தால் வேலை, முடிந்தால் பஸ். நான் போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் தப்பு அவள் பக்கம், வேலையை வேலையாகப் பார்க்கத் தெரியவில்லை, தானாக வந்து பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு திங்கட்கிழமை அவள் நாற்காலி காலியாக இருந்தது. ராஜினாமா கொடுத்துவிட்டாள் என்றார்கள். அடுத்த வருஷம் நானும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

அவள் நம்பர் என் போனிலேயே இருந்தது. அதைத் தொடாமல் ஆறு வருஷம் ஓட்டினேன் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அவள் படம் மாறும் போதெல்லாம் பார்ப்பேன். ஒரு முறை கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது கண்ணாடி போட்டாள், எனக்குத் தெரியாமல் எப்படிப் போட்டாள் என்று ஒரு நாள் முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சிவாஜிநகர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் அந்த ஆபீஸ் பக்கம் பார்க்காமல் உட்காருவேன்.

இப்படி இருந்த என்னைத்தான் அதே மாடிக்கு அனுப்பினார்கள். மேனேஜர் மாறவில்லை, முடி மட்டும் வெளுத்திருந்தது. முன்பு "ஏம்மா" என்று கூப்பிட்டவர் இப்போது "மேடம்" என்றார்.

"வாங்க மேடம், சென்னாகிதீரா, நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் கொடுங்க. ஒரு படம் திறக்கிறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துடலாம். பண்டிகைக்கு கடைக்காரன் எல்லாம் என் உயிர எடுக்கிறான்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆச்சரியம், இவர் சரியாகச் சொன்னார். ஊழியர் பட்டியலை வைத்திருந்த பழைய கணினியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிய பிறகுதான் என்றார். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. நெட்வொர்க் என்றார் ஒருவர். படம் பெரிசு என்றார் இன்னொருவர். படம் பெரிசு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

சோதிப்பதற்கு எதையாவது தேட வேண்டும். என் விரல்கள் தாமாகவே "ஆறின டீ" என்று அடித்தன. வரிசையாகப் புடவைகள் வரத் தொடங்கின, ஒவ்வொன்றாக, ஊர்ந்து ஊர்ந்து. அவள் போன பிறகு வந்த புடவைகளிலும் அந்தப் பெயர்கள் இருந்தன. புதிதாக வந்தவர்கள் பழக்கத்தில் எழுதியிருந்தார்கள். நான் வேலைக்காக வந்திருக்கிறேன் என்பதை எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சர்வரைப் பார்த்தால் அது சும்மா இருந்தது. நினைவகம் காலி, பாரம் இல்லை, டிஸ்க் ஓய்வாக இருந்தது. வேலை அதிகமாகித் திணறுகிற அமைப்பு வேறு மாதிரி இருக்கும். இது வேலை செய்யவில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது. எதற்காக என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் நாள் ஒரு துப்பு கிடைத்தது. சில புடவைகள் மட்டும் தொட்ட உடனே திறந்தன. எல்லாம் ஒரே நாளில் ஏற்றியவை, ஒரே பெண் ஏற்றியவை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். பயந்துபோய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அன்னைக்கு சார் லீவு, அக்கா. காப்பி எடுக்காம புதுசாவே திறந்து எழுதிட்டேன். சார்கிட்ட சொல்லிடாதீங்க."

அப்போது கூட எனக்குப் பிடிபடவில்லை. ஒரு படத்தைத் திறக்கும்போது அமைப்பு செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் நேரத்தோடு எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, மெதுவான புடவை ஒன்றைத் திறந்தேன். படத்தைத் தேடியது, கண் இமைக்கும் நேரம். படித்தது, அதுவும் அப்படியே. அடுத்த வரியில், இந்த ரெக்கார்டின் உரிமையாளர் யார் என்று பார்த்து, அவரை ஊழியர் பட்டியலில் தேடியது. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. மூன்று விநாடி பதில் இல்லை. திரும்பக் கேட்டது. மூன்று விநாடி. மறுபடி கேட்டது. பிறகுதான் விட்டுவிட்டுப் படத்தைக் காட்டியது.

காப்பி எடுத்தவர்கள் நிறத்தை மாற்றினார்கள், படத்தை மாற்றினார்கள். உரிமையாளர் என்ற கட்டம் உள்பக்கத்தில் இருந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை. எட்டு வருஷப் புடவைகள், ஆயிரக்கணக்கில், எல்லாம் அவள் பெயரிலேயே இருந்தன. பழைய பட்டியல் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று உடனே சொல்லிவிடும். தலைமை அலுவலகத்தின் புதுப் பட்டியலோ, வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றிக் கேட்டால் வாயையே திறக்காது. லைப்ரரி ஒவ்வொரு படத்துக்கும் அவளைக் கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பெண், வாடிக்கையாளர் ஆபீசில், கணினி எழுதிவைத்த ஒரு லாக் ஃபைலைப் படித்து அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

சரிசெய்வது சுலபம். உரிமையாளரை மாற்ற ஒரு வரி எழுதி ஓடவிட்டால் பத்து நிமிஷத்தில் முடியும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"பேட மேடம், அது மட்டும் வேணாம். அந்தப் பொண்ணு ராசியிலதான் இத்தனை சீசன் ஓடிச்சி. நீங்க பாட்டுக்கு அவ பேர அழிச்சிட்டு, பண்டிகைல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

"சார், அவ பேர் இருக்கிறதாலதான் உங்க கடை எல்லாம் நிக்குது."

"அது சரி. அவ கையால ஆரம்பிச்சது, அவ கையாலேயே மாத்திக் கொடுக்கட்டும். மனசார கொடுத்தா ராசியும் கூடவே வரும். ஒரு நாளைக்கு அவ பேர்ல லாகின் நான் வாங்கித் தரேன். நீங்க ரெண்டு பேரும் அப்படி சிநேகிதமா இருந்தீங்களே, நீங்க கேட்டா மாட்டேன்னா சொல்லுவா?"

அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாதா, தெரிந்துகொண்டே கேட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் ஒத்துக்கொள்ளாமல் நான் எதையும் தொட முடியாது. போகும்போது, "போன தடவையும் நீங்கதானே பாத்தீங்க, உபயோகப்படும்" என்று சொல்லி பழைய ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது அதைப் பிரித்துப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் கிராஃபை நானே முதல் முறையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில், திணறல் காலை ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கி பத்தரைக்கு முடிகிறது. இரண்டாம் பக்கத்தில், படம் ஏற்றிய நேரங்கள். அவளுடைய முதல் படம் எல்லா நாளும் பதினோரு மணிக்குப் பிறகுதான். ஸ்டூடியோவில் முதல் புடவையைப் படம் பிடித்து முடிக்கவே அத்தனை நேரம் ஆகும். திணறல் முடிந்த பிறகுதான் அவள் வேலையே தொடங்கியிருக்கிறாள்.

அப்படியானால் ஒன்பது நாற்பதுக்கு என்ன? வைரஸ் ஸ்கேன். எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் ஸ்கேன். காலையில் எல்லோரும் வந்து அரட்டை அடிப்பார்கள், அப்போது ஓடட்டும் என்று அந்த சீசன் தொடக்கத்தில் அந்த நேரத்துக்கு அதை வைத்தவள் நான். ரிப்போர்ட் கொடுத்த வாரத்திலேயே சர்வரை மாற்றினோம். அதில் ஸ்கேன் நேரமும் மாறிப்போனது, வேகம் திரும்பியது, கூட்டத்துக்குப் பிறகு அவள் படத்தைச் சின்னதாக்கியதால்தான் என்று எல்லோரும் நம்பினோம். என் தப்பு என் கையால் போட்ட கிராஃபிலேயே இருந்தது. அதன் கீழே அவள் பெயரை எழுதி நீட்டியிருக்கிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

மறுநாள் போன் செய்தேன். எடுத்தாள். என் குரல் தெரிந்தும் "சொல்லுங்க" என்றாள். வாயைத் திறந்தாலே 'டி' போட்டுக் கூப்பிட்டவள். லைப்ரரி விஷயத்தை மட்டும் சொன்னேன். "வேலைன்னா வாங்க. சனிக்கிழமை ஸ்கூல் அரை நாள்தான், ரெண்டு மணிக்கு மேல இருப்பேன்" என்றாள். அத்திபெலேயில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சில்க் போர்டில் பஸ் ஏறினேன். பொம்மசந்திரா தாண்டும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். வீடு நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. படத்தில் பார்த்த அதே கண்ணாடி. கொஞ்சம் இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கணவர் ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். விருந்தாளியிடம் சொல்லும் எல்லாவற்றையும் சொன்னாள்.

லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். தன் பெயரில் இருந்த புடவைகளை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இத யாரு ஆறின டீன்னு எழுதினது? இது எங்க ஆறின டீ? இது கருப்பட்டிக் காப்பி. கண்ணு தெரியாதா இவங்களுக்கு?"

பழைய குரல். சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் போனாள், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இதற்கு மேல் தாங்காது என்று பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மனதுக்குள் எழுதியதெல்லாம் மறந்துபோனது.

"அது உன் படத்தால இல்ல. ஒன்பது நாப்பதுக்கு ஸ்கேன் ஓடிச்சி. நான் வெச்ச ஸ்கேன். நீ பதினோரு மணிக்குத்தான் ஏத்தவே ஆரம்பிப்ப. எல்லாம் இதுலயே இருக்கு. நான் பாக்கல."

அவள் அதைக் கையில் எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒன்பது நாப்பது. அன்னைக்கு மீட்டிங்ல அந்தாளு வாசிச்சிட்டு இருக்கும்போதே பாத்துட்டேன். கிராஃப் என் கையிலதானே இருந்திச்சி. எனக்கே தெரிஞ்சிடுச்சி, உனக்குத் தெரியாம இருக்குமா? இன்னிக்குப் பாப்ப, நாளைக்குப் பாப்ப, வந்து சொல்லுவன்னுதான் ரெண்டு மாசம் அங்க வந்து உக்காந்துட்டு இருந்தேன். இல்லன்னா அன்னைக்கே போயிருப்பேன்."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பேச்சு என்று தெரிந்தது.

"நான் எதுக்குடி சொல்லணும்? இப்ப மட்டும் என்ன, எனக்காகவா வந்த? இப்பவும் ஆபீஸ் வேலையாத்தானே வந்திருக்க."

வேலை இல்லாவிட்டால் நான் அந்த ரிப்போர்ட்டைத் திறந்திருக்க மாட்டேன், இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன். இன்னும் ஆறு வருஷம் அவள் படம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் படப் பிரிவின் பொதுப் பெயரைப் போட்டாள். அழுத்துவதற்கு முன் அந்த மஞ்சள் புடவையை ஒரு முறை திறந்து பார்த்தாள். மனசாரக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவள் விரல் பொத்தானில் நின்ற விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் கொடுத்தாள் என்று தோன்றியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் மாறிவிட்டது. "முடிஞ்சிடுச்சில்ல? நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை லைப்ரரி பறந்தது. மேனேஜர் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார், "பாத்தீங்களா, அவ கை பட்ட உடனே" என்றார். புது ரிப்போர்ட்டோடு, பழைய ரிப்போர்ட் தப்பு, ஸ்கேன் நேரத்தை வைத்தது நான் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். "இது இப்ப யாருக்கு வேணும் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி ஃபைலில் போட்டார். யாருக்கும் வேண்டாம்தான். எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைக்காரர்களின் போன் நின்றுவிட்டது, என் வேலையும் முடிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. அவள் கேட்ட கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்யலாம் என்று எடுப்பேன், என்ன காரணம் சொல்வது என்று யோசித்து வைத்துவிடுவேன். காரணம் தேடுவதுதான் என் வியாதி என்று புரிய வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப் இல்லாமல், ஃபைல் இல்லாமல், போனில் சொல்லாமல் பஸ் ஏறினேன். மாடிப்படி ஏறி, செருப்பை வாசலில் விட்டுக் கதவைத் தட்டினேன். கையில் துடைப்பத்தோடு திறந்தாள்.

"என்னா? எதுனா நின்னுபோச்சா?"

"இல்ல. எல்லாம் ஓடுது."

"பின்ன என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். பை இல்லை என்பதைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே திரும்பி நடந்துகொண்டே சொன்னாள்.

"செருப்ப உள்ள எடுத்துப் போடுடி. இந்தத் தெரு நாயிங்க தூக்கிட்டுப் போயிடும்."